கனடா பி.ஆர்.: காசு கொடுக்கும் முன் உரிம எண்ணைக் கேளுங்கள்

கனடா பி.ஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியுரிமை அனுமதிக்கு, ஏஜென்ட் வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. படிவங்கள் குடிவரவுத் துறையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வேலை, படிப்பு, குடும்பம் எல்லாம் நேர்க்கோட்டில் இருந்தால் நீங்களே விண்ணப்பம் போடலாம். ஆனால் பழைய விசா மறுப்பு, போலீஸ் வழக்கு, அகதிக் கோரிக்கை என்று ஏதாவது இருந்தால் தனியாக இறங்காதீர்கள்.

காசு வாங்கி ஆலோசனை சொல்ல, மாகாண சட்டச் சங்கத்தில் பதிந்த வழக்கறிஞர், கியூபெக் நோட்டரி, ஆர்.சி.ஐ.சி. எனப்படும் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஆகியோருக்குத்தான் உரிமை. ஒன்ராறியோவில் சில வேலைகளுக்கு, உரிமம் பெற்ற சட்ட உதவியாளரான பாராலீகலும் உண்டு. ஆலோசகரின் உரிம எண்ணை விசிட்டிங் கார்டில் பார்த்து நம்பிவிடாமல், உரிமம் தரும் அமைப்பான சி.ஐ.சி.சி.யின் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பது அங்கே தெரியும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அலுவலகம் வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். "எங்கள் ஆள் டொராண்டோவில் இருக்கிறார்" என்றால், அந்த ஆளோடே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.

உரிமம் இல்லாதவரை அடையாளம் காட்டுவது ஐ.எம்.எம். 5476 படிவம். பிரதிநிதி யார் என்று துறைக்கு அறிவிப்பது அதுதான். அதில் அவர் பெயர் போட மாட்டார். துறையின் தளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். புள்ளி பார்த்து பி.ஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாள்தான். அது ஓடிக்கொண்டிருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

இதைவிட ஆபத்தானது "அமெரிக்க விசா மறுத்ததை எழுத வேண்டாம்" என்ற யோசனை. எந்த நாட்டில் மறுத்திருந்தாலும் படிவம் கேட்கிறது; அமெரிக்காவும் கனடாவும் விசாத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. மறைத்தது தெரிந்தால் கனடா குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டுத் தடை. "ஏஜென்ட்தான் நிரப்பினார்" என்பது பொதுவாக எடுபடாது, கையெழுத்து உங்களுடையது.

வேலைக் கடிதத்தை விலைக்குத் தருகிறேன், புள்ளி கூடும் என்பவரிடமும் ஏமாறாதீர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் (சி.ஆர்.எஸ்.) வேலை வாய்ப்புக்கான புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்றே எடுத்துவிட்டார்கள்.

நல்ல ஆலோசகர் முதலில் கேட்பது உங்கள் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரை. நம் ஊர்க் கம்பெனிகள் பெரும்பாலும் பதவியும் தேதியும் மட்டும் எழுதித் தரும், அது போதாது. செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி எல்லாம் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். கனடா அரசின் தொழில் பட்டியலில் உள்ள வரிகளை அப்படியே இறக்கினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். எச்.ஆர். எழுதித் தர வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், ஆகவே அழைப்பு வரும் முன்பே வாங்கி வையுங்கள்.