சோமனூர் இரண்டான கதை: பழைய மடிக்கணினியில் தறிக் கணக்கு

பெரியப்பாவின் விசைத்தறிக் கூடத்திற்காகக் கூலிக் கணக்கு வைக்கும் சிறு நிரல் ஒன்றை ஓய்வு நேரங்களில் எழுதி வருகிறேன். பல்லடத்துக்கு மேற்கே உள்ள எங்கள் பகுதியில் தறிக்காரர்கள் பெரும்பாலும் கூலிக்கு நெய்பவர்கள். பாவு எனப்படும் நீளவாட்டு நூலையும் ஊடை எனப்படும் குறுக்கு நூலையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், நெய்த காடாவை (வெளுக்காத துணியை) மீட்டர் கணக்கில் அளந்து கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். எந்தப் பாவு எந்தத் தறியில் ஏறியது, அதில் எத்தனை மீட்டர் துணி யாருக்குப் போனது என்பதே நிரலின் வேலை.

கையில் இருந்தது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை. வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, டெபியன் 13 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். அது ஒரு மாலை வேலைதான்.

நிரல் எழுத முதலில் விஎஸ் கோடு என்னும் தொகுப்பானைத்தான் திறந்தேன். அது குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டப்பட்ட செயலி என்பதால், பக்கத்தில் உலாவியும் திறந்திருந்தால் 4 ஜிபி திணறுகிறது. முனையத்தில், அதாவது எழுத்து மட்டும் காட்டும் கட்டளைத் திரையில், ஓடும் விம் என்னும் தொகுப்பானுக்கு மாறியதும் கணினி இளமை திரும்பியதைப் போல ஓடியது. ஆனால் தமிழ் வரிகள் வந்த இடத்தில் முனையத்தின் சமஅகலக் கட்டங்களுக்குள் கொம்பும் காலும் சிதறின. அத்துடன், தமிழ்99 விசைப்பலகையை அணைக்க மறந்து, விசைகளையே கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும் விம்மின் கட்டளை நிலைக்கு வந்தால், கீழே இறங்க அழுத்தும் ஜே விசை 'ப' என்றும், மேலே ஏற அழுத்தும் கே விசை 'ம' என்றும் போய்ச் சேரும். இரண்டுமே விம்முக்குக் கட்டளைகள் அல்ல. ஆகவே தமிழ்ச் சொற்கள் உள்ள கோப்புகளை மட்டும் ஜீனி என்னும் எளிய தொகுப்பானில் திருத்துகிறேன். விம் பக்தர்கள் பொறுத்தருள வேண்டும்.

தரவை முதலில் சிஎஸ்வி என்னும் எளிய எழுத்துக் கோப்பில் வைத்திருந்தேன். மடிக்கணினியின் மின்கலம் செத்துப் பல நாளாயிற்று. பராமரிப்பு மின்தடையன்று எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதி வரியில் நின்றது. அன்றே எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்துக்கு மாறினேன். அதன் பிறகும் இரண்டு முறை மின்சாரம் போனது. முடியாத பதிவு மட்டும் கழிந்தது, முந்தையவை அப்படியே இருந்தன.

உண்மையான சிக்கல் வாராந்தரப் பட்டியலைப் பெரியப்பாவிடம் காட்டியபோதுதான் வெளிப்பட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஏங்கண்ணு, சோமனூரு எப்பக் கண்ணு ரெண்டாச்சு?" என்று கேட்டார். ஒரே ஊர், ஒரே எழுத்துகள், இரண்டு வரிகள், இரண்டு கூட்டுத்தொகைகள். எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியாக எண்ணும் பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை எண்ணிப் பார்த்தேன்: ஒரு சோமனூர் 7, மற்றொன்று 8. பழைய கணக்குகள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அதில் 'சோ'வுக்கு ஏகாரக் கொம்பு முதலிலும் எழுத்து நடுவிலும் கால் கடைசியிலும் வரும். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற நான் எழுதிய மாற்றி, கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியதோடு நின்றுவிட்டது. புதிதாகத் தட்டிய 'சோ'வில் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. மாற்றி தந்த 'சோ'வில் ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் தனித்தனி. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது, தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒகர, ஓகர எழுத்துகள் உள்ள பெயர்கள் அனைத்திலும் இதே பிழை இருந்தது.

தீர்வு ஒரே வரிதான்: எந்தப் பெயரையும் சேமிப்பதற்கு முன் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிவிடுவது. பழைய பதிவுகளையும் அவ்வாறே ஓட்டி எடுத்ததும் சோமனூர் ஒன்றானது.

இதிலும் அடங்காதது ஒன்று மிஞ்சியிருக்கிறது. பாமினியில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை என்பதால், பழைய கோப்புகளிலிருந்து வந்த 'கௌரி'யில் எகரக் கொம்பும் முழு ளகரமும் நிற்கின்றன. என்எஃப்சி இதைத் தொடாது, ஏனெனில் 'கெள' என்பதும் முறையான எழுத்து வரிசையே. 'கெளுத்தி' மீனில் அதுதான் சரி. அத்தகைய பெயர்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.