கிழமைக்கு ஒருக்கா போட வேண்டிய குளிசையை அம்மா ஆறு நாள் தொடர்ந்து போட்டுட்டா

அம்மாவை ஆஸ்பத்திரி வாட்டில இருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ரெண்டு மாசமாகப் போகுது, இப்பதான் இதை எழுதக்கூடிய மாதிரி மனம் கொஞ்சம் ஆறியிருக்கு. வீட்டில ஆராவது மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்ஸேட் போடுறவை இருந்தா தயவுசெய்து கடைசி மட்டும் வாசியுங்கோ.

அம்மாக்கு 67 வயசு. ருமடோயிட் ஆத்ரைட்டிஸ். கொழும்பில ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்லதான் மருந்து. மெதொட்ரெக்ஸேட் கிழமைக்கு 10 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் குளிசை நாலு, ஞாயிறு இரவு ஒரேயடியா. மற்ற நாளில ஃபோலிக் அசிட் விட்டமின் ஒண்டு. ஆறு மாசமா ஒரு பிரச்சினையும் இல்லை, விரல் வீக்கம் வத்தி அம்மா திரும்ப தேங்காய் திருவத் தொடங்கியிருந்தவ.

அந்த மாசம் ஆஸ்பத்திரியில குளிசை முடிஞ்சுது, வெளியில வாங்கச் சொல்லி துண்டு எழுதிக் குடுத்தவை. எனக்கு ஒஃபிசில லீவு கிடைக்கேல்லை, அம்மா தனியத்தான் போய் வெள்ளவத்தையில காலி வீதியில இருக்கிற ஒரு பார்மசியில வாங்கிக்கொண்டு வந்தவ. அங்க 2.5 இல்லையாம், 10 மில்லிகிராம் குளிசை குடுத்திருக்கினம். கணக்குப்படி அது சரிதான், நாலுக்குப் பதிலா ஒண்டு. ஆனா அந்தக் குளிசை போட்டுக் குடுக்கிற சின்னக் கடதாசிக் கவர் இருக்கெல்லே, அதில காலை, பகல், இரவு எண்டு சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் மூண்டு கட்டம் அச்சடிச்சிருக்கும். இரவுக் கட்டத்துக்குள்ள பேனையால 1 எண்டு மட்டும் எழுதியிருந்தது. கிழமைக்கு எண்டு ஒரு சொல் எங்கயும் இல்லை. எழுத அதில இடமும் இல்லை. சும்மா சொல்லேல்லை, அந்தக் கவர் இப்பவும் என்னட்ட இருக்கு.

இப்ப அம்மா யோசிச்ச விதத்தைப் பாருங்கோ. முந்தி நாலு குளிசை, கிழமைக்கு ஒருக்கா. இப்ப ஒரு குளிசை, இரவில. அப்ப டொக்டர் மாத்திட்டார், ஒரேயடியா நாலு போடாம நாளுக்கு ஒண்டா பிரிச்சுப் போடச் சொல்றார். நானா இருந்தாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். பத்துக் குளிசை ஸ்ட்ரிப்பை வெட்டாம முழுசா குடுத்ததால அதுவும் நாளாந்தம் போடுற குளிசை மாதிரியே இருந்திருக்கு. போதாக்குறைக்கு ஃபோலிக் அசிட்டும் மஞ்சள், இதுவும் மஞ்சள்.

அஞ்சாம் நாள் மத்தியானம் சொதியை வாயில வைச்சிட்டு "உறைக்குது" எண்டு கோப்பையைத் தள்ளி வைச்சவ. பச்சை மிளகாயே போடாத சொதி அது. வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தா உள் உதட்டில வெள்ளை வெள்ளையா புண், நாக்கு ஓரம் சிவந்து தோல் உரிஞ்ச மாதிரி. சூடு எண்டு சொல்லி வெந்தயத் தண்ணி குடிச்சவ. பின்னேரம் பக்கத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனன், டொக்டர் டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு வாய்க்குப் பூச ஜெல்லும் விட்டமினும் தந்து அனுப்பிட்டார். "வேற என்ன குளிசை போடுறீங்கள்" எண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தா அண்டைக்கே பிடிபட்டிருக்கும். அவர் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. எனக்கு அது இண்டைக்கும் உறுத்துது, ஏனெண்டா அண்டிரவு அம்மா ஆறாவது குளிசையையும் போட்டுட்டா.

அடுத்த நாள் விடிய ஜெல் எடுக்கத்தான் மருந்துப் பெட்டியைத் திறந்தன். ஸ்ட்ரிப் கையில பட்டுது. பத்துக் குழியில ஆறு வெறுமை. வாங்கி ஒரு கிழமைகூட ஆகேல்லை. "அம்மா இதை எப்பிடிப் போட்டனீங்கள்" எண்டு கேட்டா "ஒவ்வொரு நாளும் இரவு ஒண்டு பிள்ளை, அப்பிடித்தானே எழுதிக் கிடக்கு" எண்டா. எனக்குக் கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு.

பெரியாஸ்பத்திரியில இருக்கிற தேசிய நச்சுத் தகவல் நிலையத்துக்குத்தான் முதல் கோல் எடுத்தன், ஆரும் பிழையா மருந்து போட்டா அங்க கேக்கலாம் எண்டு முந்தி கேள்விப்பட்டிருந்தன். இனி ஒண்டும் குடுக்காதேங்கோ, வீட்டில இருக்கிற குளிசை எல்லாத்தையும் கவரோட எடுத்துக்கொண்டு உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு சொன்னவை. த்ரீவீல் பிடிச்சுப் போனம். இரத்தம் எடுத்து ரிப்போட் வந்தா வெள்ளைக் கலம் 2,100, பிளேட்லட் 82,000, ரெண்டும் நல்லாக் குறைவு. எங்கட ஊரில பிளேட்லட் குறைஞ்சா முதல்ல வாற நினைப்பு டெங்குதானே, அங்க இருந்த சின்ன டொக்டரும் காய்ச்சல் எத்தினை நாள் எண்டுதான் கேட்டார். நான் ஸ்ட்ரிப்பை மேசையில வைச்சன். அவர் பாத்த உடன எழும்பிப் போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாட்டில ஒன்பது நாள். ஃபோலினிக் அசிட் ஊசி ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா போட்டவை. நாங்கள் வீட்டில போடுற ஃபோலிக் அசிட் வேற, இது வேற. மெதொட்ரெக்ஸேட் மறிச்சு வைக்கிற இடத்தைத் தாண்டிப் போய் வேலை செய்யிறது இதுதானாம், அதனால இந்த நிலைமையில வீட்டில இருக்கிற ஃபோலிக்கை ரெண்டு மூண்டா போட்டுச் சமாளிக்க ஏலாது. அஞ்சாம் நாள் வரைக்கும் கலம் கீழதான் போச்சு, பிறகு ஏறத் தொடங்கிச்சு. அந்த நாளுகளைப் பற்றி இதுக்கு மேல எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனா அந்த வாட்டு நேர்ஸ் மிஸ்ஸைப் பற்றி எழுதாம விடேலாது. சிங்களப் பிள்ளை, மட்டக்களப்பில நாலு வருசம் வேலை செய்ததாம், அந்த ஊர்த் தமிழ் நல்லாக் கதைக்குது. ஒவ்வொரு ஊசிக்கும் கட்டில் துண்டைப் பாத்து அம்மாட பேரை அம்மாவையே சொல்லச் சொல்லும், பிறகு மருந்து, அளவு, எந்த வழி, எத்தினை மணி எண்டு வாய்க்குள்ள சொல்லிப் பாத்திட்டுத்தான் போடும். ஒரு நாள் கேட்டன். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம், இந்த அஞ்சையும் ட்ரெய்னிங்கில முதல் பாடமாப் படிப்பிக்கிறவையாம்.

வீட்டுக்கு விடுறதுக்கு முதல் நாள் அது ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாக்கு முன்னால இருந்துது. எல்லாம் சொல்லி முடிச்சிட்டு "விளங்கினதா" எண்டு கேக்கேல்லை. "அம்மா, இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, மெதொட்ரெக்ஸேட் அடுத்ததா எப்ப போடுவீங்க" எண்டுதான் கேட்டது. அதுவரைக்கும் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டின அம்மா, "ஞாயிற்றுக்கிழமை" எண்டா. "இல்ல அம்மா, டொக்டர் திரும்பத் தொடங்கச் சொல்ற வரைக்கும் ஒண்டும் போடக்கூடாது." திரும்பவும் முதல்ல இருந்து. மூண்டாந்தரம்தான் அம்மா சரியாச் சொன்னவ, அதுக்குப் பிறகுதான் மிஸ் எழும்பினது. எங்கட ஆக்கள் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால விளங்காட்டியும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். பார்மசியிலயும் அம்மா அப்பிடித்தான் ஓம் சொல்லியிருப்பா.

பார்மசிக்குப் பிறகு நான் போனன். "துண்டில வீக்லி எண்டு இருந்தது, நான் வாயால சொன்னனான்" எண்டு கவுன்டரில நிண்டவர் சொன்னார். சிங்களத்தில சொன்னீங்களோ தமிழில சொன்னீங்களோ எண்டு கேட்டன், மறுமொழி இல்லை. 1987ல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழியாச்சு. அது அந்தக் கவருக்கு இன்னும் வந்து சேரேல்லை. முதலாளி வந்து மன்னிப்புக் கேட்டவர், இனிமேல் போடுற நாளின்ர பேரை எழுதித் தாறம் எண்டவர்.

திரும்ப மருந்து தொடங்க நாலு கிழமையில கிளினிக். அண்டைக்கு இன்னொரு வீண் அலைச்சல். விடிய அஞ்சு மணிக்கு நம்பர் எடுத்து, பத்தரை வரைக்கும் இருந்து, உள்ள போற நேரம் கிளார்க் "புது எஃப்பிசி ரிப்போட் இல்லாம டொக்டர் பாக்க மாட்டார்" எண்டு திருப்பி அனுப்பிட்டார். எஃப்பிசி எண்டா இரத்தக் கலங்களை எண்ணிப் பாக்கிற டெஸ்ட். டிஸ்சார்ஜ் கார்ட்டில இரத்தம் பாத்துக்கொண்டு வரச்சொல்லி ஒரு மூலையில சின்னதா எழுதியிருக்கு, ஆரும் வாயால சொல்லேல்லை. நீங்கள் போறதெண்டா எஃப்பிசி, ஈரல், சிறுநீரக டெஸ்ட் மூண்டையும் முதலே எடுத்துக்கொண்டு போங்கோ. அடுத்த கிழமை திரும்பப் போனம், அம்மாட விரல் அதுக்குள்ள திரும்ப வீங்கிட்டுது. 7.5 மில்லிகிராமில தொடங்கியிருக்கினம், 2.5 குளிசை மூண்டு. 10 மில்லிகிராம் குளிசை மட்டும் எங்களுக்கு வேண்டவே வேண்டாம் எண்டு சொல்லி, துண்டிலயே 2.5 எண்டும் கிழமைக்கு ஒருக்கா எண்டும் நாளின்ர பேரையும் எழுதுவிச்சன். பிரித்தானியாவில 2020ல மருந்துக் கட்டுப்பாட்டுச் சபையே நாளின்ர பேரைத் துண்டில எழுதச் சொல்லி அறிவிச்சது, இதே பிழையால ஆக்கள் செத்ததாலதான்.

வாய்ப்புண், தொண்டை நோ, காய்ச்சல், காரணமில்லாம கண்டல், வறட்டு இருமலோட மூச்சு வாங்குறது, இதில எது வந்தாலும் அடுத்த மெதொட்ரெக்ஸேட் குளிசையைப் போடாம அண்டைக்கே டொக்டரிட்டப் போங்கோ. யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குக் கோட்ரைமொக்ஸசோல் ஆராவது எழுதினா மெதொட்ரெக்ஸேட் போடுறம் எண்டு கட்டாயம் சொல்லுங்கோ, ரெண்டும் சேரக்கூடாது. எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் வீட்டுக் குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்கோ. நான் இப்ப தடிமலுக்குப் போனாலும் அப்பிடித்தான் போறன்.

குளிசை போடுற நாளை அம்மாவேதான் தெரிவு செய்தவ, வெள்ளிக்கிழமை, மரக்கறி நாள் எண்டதால மறக்க மாட்டாவாம். புதுக் குளிசை வந்த கவரைக் கிழிச்சு எறிஞ்சிட்டு சின்னப் போத்தலில போட்டு, தமிழில வெள்ளி எண்டு பெரிசா எழுதி ஒட்டியிருக்கிறன், ஃபோலிக் வேற அலுமாரியில. நேற்று வெள்ளி. கோயிலால வந்து சாப்பிட்டிட்டு, மூண்டு குளிசையையும் உள்ளங்கையில வைச்சுக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, "இண்டைக்கு மூண்டு, இனி அடுத்த வெள்ளிதான்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் விழுங்கினவ.