பழைய டிராக்டருக்கு என்ன விலை சொல்வது?

எங்கள் வீட்டு மாஸி ஃபெர்குசன் 1035-ஐ இந்த வருஷம் விற்றுவிட்டோம். 1987-ல் அப்பா புதிதாக எடுத்த வண்டி, மன்னார்குடிப் பக்கம் எங்கள் நிலத்திலும் ஊரார் நிலத்திலும் உழுதே தன் கடனை அடைத்த வண்டி. விற்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே ஆளுக்கொரு விலை சொல்ல ஆரம்பித்தார்கள். ஐம்பதாயிரம் கொடுத்தால் கொடுத்துவிடு என்றார் ஒருவர், ஒரு லட்சத்துக்கு மேல் பைசா பெயராது என்றார் இன்னொருவர், சொந்தக்காரப் பையன் ஒருவன் இதெல்லாம் விண்டேஜ் மாமா, மூன்று லட்சம் கேளுங்கள் என்றான். அவரவர் கணக்கில் எல்லாம் சரிதான். எடைக்கு எடுப்பவர், உழவுக்கு எடுப்பவர், ஆசைக்கு எடுப்பவர் என்று மூன்று வகை ஆட்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் பார்ப்பது வேறு. நாம் யாருக்கு விற்கிறோம் என்று முடிவு செய்யாமல் வாயைத் திறந்து விலை சொல்லவே கூடாது.

எடை விலைதான் அடிமட்டம். 1035 ஏறக்குறைய 1,700 கிலோ. இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 51,000 வருகிறது. ஓடாத வண்டிக்கே இது கிடைக்கும். அதனால் ஓடுகிற வண்டியை இந்த விலைக்குப் பக்கத்தில் யார் கேட்டாலும் ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஆசைக்கு வாங்குபவர்களைப் பற்றி நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வயது மட்டும் விலையை ஏற்றாது. இந்த மாஸிகளுக்கெல்லாம் மூதாதையான ஃபெர்குசன் டிஇ20, இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அத்தனை இருக்கும்போது பழசு என்பதற்காக மட்டும் யார் பணம் கொடுப்பார்கள்? சேகரிப்பவர் கேட்பது கம்பெனியில் வந்த மீட்டர், ரிம், பானெட், பொருந்துகிற இஞ்சின் நம்பர். நம் ஊர் வண்டிகளில் இதில் பாதியாவது மாறியிருக்கும். இன்னொன்று, 50 வருஷம் தாண்டிய பைக், கார்களுக்கு மத்திய அரசு 2021-ல் விண்டேஜ் பதிவு என்று தனியாகக் கொண்டு வந்ததே, அதில் டிராக்டர் சேரவில்லை. ஆக நம் வண்டிக்கு உண்மையான விலை தரப் போவது உழவுக்கு எடுப்பவர்தான்.

அவர் முதலில் கேட்பது பார்ட்ஸ் கிடைக்குமா என்பதை. இதில் மாஸிக்கு யோகம். மாஸி டிராக்டர் செய்யும் டஃபே கம்பெனி சென்னையில் 1960-லிருந்து இருக்கிறது, இந்த வண்டியில் இருக்கும் செம்பியம் சிம்சன் கம்பெனியின் மூன்று சிலிண்டர் இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக் சின்ன ஊர்களிலும் இருக்கிறார். இதே எச்எம்டி என்றால் வண்டி என்னதான் கெட்டியாக இருந்தாலும் பேச்சு இறங்கிவிடும். அதன் டிராக்டர் பிரிவையே 2016-ல் மூடிவிட்டார்கள், பார்ட்ஸுக்கு அலைய வேண்டும் என்கிற பயம் வாங்குபவருக்கு இருக்கும். அது நியாயமான பயம்.

அடுத்தது வண்டி எங்கே உழுதது என்பது. டெல்டா வண்டி என்றாலே வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டிச் சேற்றில் இறக்கி ஓட்டிய வண்டியில் ஆக்ஸில் சீல் தேய்ந்து தண்ணீரும் சேறும் உள்ளே போகும். மாஸியில் கியருக்கும் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில், ஹைட்ராலிக் பம்பே பின் ஹவுசிங்குக்குள் அந்த ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் கலந்தால் இரண்டும் சேர்ந்து கெடும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் ஊற்றிய டீ மாதிரி தெரியும், அதைப் பார்த்த பிறகு எந்த விவசாயியும் சொன்ன விலையைக் கொடுக்க மாட்டார். எங்கள் வண்டிக்கு அப்பா ஒவ்வொரு நடவு முடிந்ததும் சீலைப் பார்த்துவிடுவார். கடைசியில் விலையைக் காப்பாற்றியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வாங்க வந்தவர் பெரம்பலூர்ப் பக்கம், மக்காச்சோளம் போடுகிறவர். விடிந்ததும் வந்துவிட்டார். வணக்கம் சொல்லிவிட்டு நேராகப் போய் இஞ்சின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்தார். “காலையில ஸ்டார்ட் பண்ணலையேண்ணே?” “நல்லா தொட்டுப் பாரு தம்பி, நேத்து சாயங்காலம் நிறுத்தினது” என்றார் அப்பா. சூடான இஞ்சின் எதையும் மறைக்கும், குளிர்ந்த இஞ்சின் மறைக்காது. செல்ஃப் அடித்ததும் கொஞ்சம் கரும்புகை வந்து நின்றது. நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது, லைனர் பிஸ்டன் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் கையைப் பிடித்துக் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தார்; அதிகம் தள்ளினால் இஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டித் தூக்கச் சொல்லி, இஞ்சினை நிறுத்திவிட்டு, ஹைட்ராலிக் கசிந்து கலப்பை தானாக இறங்குகிறதா என்று பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் கேபிள் அறுந்து கிடக்காத பழைய வண்டியை நான் பார்த்ததில்லை, அந்த எண்ணை நம்பி விலை பேசவும் முடியாது.

விற்பதற்கு முன் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். புதுப் பெயின்டைப் பார்த்ததும் எங்கே வெல்டிங் வைத்தாய் என்றுதான் தேடுவார்கள். தண்ணீர் அடித்துக் கழுவி, கிரீஸ் வைத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்து நிறுத்தினால் போதும். இஞ்சின் வேலை செய்துவிட்டு விற்றாலும் போட்ட பணம் திரும்பாது. பின் டயர் மட்டும் வேறு கதை. அது மொட்டையாக இருந்தால் புது ஜோடியின் முழு விலையையும் கழித்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

நாங்கள் 1,70,000 சொன்னோம், 1,45,000-க்கு முடிந்தது. இதில் பேப்பருக்கே ஒரு பங்கு உண்டு. 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்தைந்து வருஷமாக ஆர்சியைப் புதுப்பித்து வந்திருந்தோம், வங்கிக் கடன் முடிந்ததற்கான படிவம் 35 கொடுத்து அடமானத்தை நீக்கியிருந்தோம். 1989-க்கு முந்தைய பழைய நம்பர் வண்டிகளுக்குப் பதிவு ஆன்லைனில் ஏறியிருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முன்னாடியே கேட்டுவிடுங்கள். ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதற்கு அலைந்தால் விலை குறையும்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நாம் விற்ற வண்டி வேறு ஊரில் யார் மீதாவது மோதி, நம் வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம். அதனால் வாங்கியவரின் பணத்தில் பத்தாயிரத்தைப் பிணையாகப் பிடித்து வைத்து, பெயர் மாறிய ஆர்சியின் போட்டோ வாட்ஸாப்பில் வந்ததும் திருப்பித் தருகிறேன் என்று அவரிடம் முன்னாடியே சொல்லிவிட்டோம். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு வாரத்தில் போட்டோ வந்தது, அன்றைக்கே பணத்தை அனுப்பிவிட்டேன்.

டிரெய்லரை இதோடு சேர்த்து விற்கவில்லை. அதற்குத் தனி ஆர்சி, தனி விலை. அறுவடை நேரத்தில் கேட்டு வருவார்கள், அப்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.