கட்டடம் பிரசவம் பார்க்காது

1986-ல் நர்ஸாக எனக்கு முதல் போஸ்டிங் பர்கூர் மலையில். அந்தியூரில் பஸ் ஏறி, இறங்கின இடத்திலிருந்து இன்னும் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது, மேஜை இருந்தது. நர்ஸ் மட்டும் வெகுநாளாக இல்லை. அதனால் உள்ளே ராகி மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். சாவி கொண்டுவந்து கொடுத்த பெரியவர், "நீங்களாச்சும் நிப்பீங்களா அம்மிணி?" என்று கேட்டார். ஐந்து வருஷம் நின்றேன்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. மெதர்ஜின் ஊசி போட்டு, அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே, தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றேன். மாமியார் கதவை மறித்து நின்றுவிட்டார். பாதி கன்னடம் பாதி தமிழ் அவர் பேச்சு. "அங்க ஆம்பள டாக்டருதானுங்க இருப்பாரு. வேண்டாங்க நர்ஸம்மா, நீங்களே பாத்துருங்க."

அரை மணி நேரம் கையை எடுக்கவில்லை. ரத்தம் மட்டுப்பட்டது. அந்தப் பெண் பிழைத்தாள். அன்றைக்கு நான் லீவில் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் சில ராத்திரிகளில் வரும். அந்த மாமியாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த உலகத்தில் ஆண் கை படுவது சாவைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் ஆப்கானிஸ்தான். 2025 அக்டோபரில் தலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தாகி டெல்லி வந்தார். முதல் பத்திரிகையாளர் சந்திப்பில் பெண் நிருபர்கள் இல்லை. சத்தம் கிளம்பிய பிறகு, இரண்டு நாள் கழித்து இன்னொன்று வைத்து அவர்களையும் அழைத்தார்கள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் கண்ணில் பட்டது கூட்டறிக்கையில் இருந்த ஒரு வரி. பக்திகா, கோஸ்ட், பக்தியா மாகாணங்களில் இந்தியா 5 தாய்மை நல நிலையங்கள் கட்டித் தருமாம். படித்ததும் மனசு நிறைந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கட்டடங்களில் உட்காரப்போவது யார்?

2022 டிசம்பரில் தலிபான்கள் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். நர்ஸிங்கும் மருத்துவச்சிப் படிப்பும் சொல்லித் தந்த பயிற்சி நிலையங்கள் மட்டும் ஒரு சந்துபோல மிச்சம் இருந்தன. 2024 டிசம்பரில் அதையும் அடைத்துவிட்டார்கள்.

அந்த நாட்டில் 2002 வாக்கில் எடுத்த கணக்குப்படி 1 லட்சம் பிறப்புக்கு 1,600 தாய்மார்கள் இறந்தார்கள். படக்‌ஷான் மாகாணத்தில் ராக் என்ற மலை வட்டாரத்தில் 6,500. நம்ப முடியாமல் இரண்டு முறை படித்தேன். தமிழ்நாட்டில் 2018-20 கணக்கு 54. பிறகு வெளிநாட்டுப் பணத்தில், ஊர்ப்புறப் பெண்களையே தேர்ந்தெடுத்து மருத்துவச்சிப் பயிற்சி கொடுத்து, சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். தொடக்கத்தில் 18 மாதப் படிப்பு. எங்கள் காலத்தில் எங்களுக்கும் 18 மாதம்தான். இருபது வருஷத்தில் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. வெளிநாட்டு உதவியால் என்ன உருப்பட்டது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

இப்போது அந்தப் பணமும் வற்றுகிறது. நிதி இல்லாமல் 2025 மார்ச்சுக்குள்ளேயே 167 மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தலிபானைத் தண்டிக்க உதவியை வெட்டு என்று பேசுவது எனக்குப் புரியவே இல்லை. அதே வருஷம் ஜூலையில் அவர்களுடைய தலைவர் அகுந்த்சாதாவுக்கு, பெண்களைக் கொடுமைப்படுத்தியதற்காக, சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் கைது வாரண்ட் போட்டது. அது ஆளைப் பார்த்துப் போட்டது, சரி. உதவியை வெட்டினால் அடி விழுவது பிரசவ வலியில் கிடக்கிறவள் மேல்.

வெளியுறவு அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். கட்ட வேண்டாம் என்று எழுதவில்லை. கட்டுங்கள், ஆனால் செங்கல் இறக்குவதற்கு முன்பே, அந்த மூன்று மாகாணப் பெண்களுக்கு மருத்துவச்சிப் பள்ளியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பெண்களை இங்கே கூட்டி வாருங்கள். 72 கிலோமீட்டருக்கு மேல் போக ஆண் துணை வேண்டும் என்பது அங்கே உத்தரவு. சரி, அண்ணனோ கணவனோ கூடவே வரட்டும், அவருக்கும் சேர்த்து விசா கொடுங்கள். சொல்லிக் கொடுக்க, என்னைப்போல ஓய்வு பெற்ற எட்டுப் பேர் ஈரோட்டுப் பக்கம் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன்.

"அவங்க பேசறது உங்களுக்குப் புரியுமாம்மா?" என்று மகன் கேட்டான். பர்கூர் மலை ஏறினபோது எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. வலி வந்தவளிடம் முக்கச் சொல்லவும் மூச்சு விடச் சொல்லவும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன்.