அஞ்சு பேரும் நாலு வேட்டி வடகமும்

போன மாதம் ஒரு ராத்திரி என் அணி 104-க்கு 61 என்று தோற்றது. இத்தனைக்கும் அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தடுப்பாட்டத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் யோசித்திருந்தேன்.

நான் கூடைப்பந்தைக் கையால் தொட்டு இருபது வருஷம் இருக்கும். காரைக்குடியில் படித்தபோதுகூட, ஆள் குறைந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இப்போது போனில் நான் பயிற்சியாளர். விளையாட்டு இதுதான்: ஆட்களைத் தேர்ந்தெடுத்து, எப்படி ஆட வேண்டும் என்று சாயங்காலத்துக்குள் சொல்லி வைத்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரே ஆட்டத்தை நடத்தி முடித்துவிடும். நடுவில் கத்தவும் முடியாது, டைம் அவுட்டும் கேட்க முடியாது. வாசித்து வயிறெரியலாம்.

தடுப்பாட்டப் பக்கத்தில் நாலு பொத்தான்கள் இருந்தன. 2-3 ஸோன் (முன்னால் இரண்டு, பின்னால் மூன்று பேர் நின்று ஆளுக்கொரு இடத்தைக் காப்பது), ஃபுல் கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க எதிராளியை நெருக்குவது), டபுள் டீம் (ஒரே ஆளை இரண்டு பேர் மறிப்பது), வேகமாகப் பந்தைப் பறிப்பது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. நான் நாலையும் அமுக்கிவிட்டேன். கல்யாண இலையில் இடியாப்பம், கோழிக் குழம்பு, கந்தரப்பம், பாயசம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்த மாதிரி.

தேவகோட்டையில் இருக்கும் நண்பன்தான் என்னை இந்த வம்பில் இழுத்துவிட்டவன். ஆட்டம் முடிந்த அஞ்சாவது நிமிஷம் போன் செய்தான்.

"மாப்ளே, பிரஸ் போட்டா உன் ஆளுக எதிராளி கூடைகிட்டயே போய் நிக்கணும். ஸோன் போட்டா உன் கூடைகிட்ட நிக்கணும். கோர்ட்டு 28 மீட்டர் நீளம்டா. ஒரே ஆளை எத்தனை தடவை அங்கயும் இங்கயும் ஓட விடுவ?"

"ரெண்டையும் சேர்த்து ஆடுறது உண்டுன்னு படிச்சேனே."

"உண்டு. முன்னாடி பிரஸ், அதை உடைச்சிட்டு வந்தா பின்னாடி ஸோன். அதுக்குப் பத்து ஆள் வேணும், மாத்தி மாத்தி இறக்கணும். உன்கிட்ட இருக்கறது ஏழு. அதுல ஒருத்தனுக்கு முழங்கால் வலி."

அதுவும் சரிதான். மூன்றாம் கால்பகுதியிலேயே என் ஆட்களின் தெம்பு சிவப்புக்கு வந்துவிட்டது. பந்தைப் பறிக்கப் போய் மூன்று பேர் அஞ்சு ஃபவுல் வாங்கி வெளியே உட்கார்ந்தார்கள். 2-3 ஸோனில் மூலைகள் சாதாரணமாகவே கொஞ்சம் காலியாகத்தான் இருக்கும். டபுள் டீமுக்காக இன்னொருவனையும் இழுத்ததில் அந்த மூலையில் எதிராளி பாய் விரித்துப் படுத்தே மூன்று பாயிண்ட் போட்டிருக்கலாம். ஒவ்வொரு தடுப்பும் இன்னொன்றிடமிருந்து ஆளைக் கடன் வாங்குகிறது. நான் நாலு இடத்தில் வாங்கியிருந்தேன்.

அடுத்த ஆட்டத்து எதிரணியில் ஒரே ஒரு சூரன். ஆட்டத்துக்கு முப்பதுக்கு மேல் போடுகிறவன். அவனுக்கு பாக்ஸ் அண்ட் ஒன் போடு என்றான் நண்பன். நாலு பேர் கூடையைச் சுற்றிச் சதுரமாக நிற்பார்கள், அஞ்சாவது ஆள் சூரனை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே போவான். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2019 இறுதித் தொடரில் டொராண்டோ பயிற்சியாளர் நிக் நர்ஸ் இதை எதிரணிச் சூரன் ஸ்டீஃபன் கரி மேல் பிரயோகித்த கதையையும் சொன்னான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் முறையை இறுதித் தொடரில் கொண்டுவந்தார் என்று எல்லாரும் கண்ணைக் கசக்கிப் பார்த்தார்களாம்.

மறுநாள் காலையில் அப்பத்தா கூழ் வடகம் போட்டார்.

எங்கள் வீடு செட்டிநாட்டு வழக்கப்படி ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. இரண்டாம் கட்டு முற்றத்தில் நாலு பழைய வேட்டிகளை விரித்து, ஒவ்வொன்றிலும் வரிசைக்கு இருபதாகக் கரண்டியால் ஊற்றி வைத்திருந்தார். காவலுக்கு சித்தி, அக்கா, அக்காவின் ஒன்பது வயது மகன், சமையலுக்கு வருகிற அக்கா, நான். எண்ணிப் பார்த்தேன், அஞ்சு.

முதல் நாள் எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தோம். காக்காய் வந்தது என்று அஞ்சு பேரும் கிழக்குப் பக்கம் ஓடினோம். அந்த நேரத்தில் மேற்கே அணில் இறங்கியது. அணிலைத் துரத்தும்போது பின்தெருக் கதவு வழியாக ஆடு எட்டிப் பார்த்தது. ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பினால், சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். பொரித்த வடகத்தைச் சீண்ட மாட்டார். பாதி காய்ந்து, ஓரம் மொறுமொறுவென்றும் நடு கொழகொழவென்றும் இருக்கும்போதுதான் வேண்டும். காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்து வைத்தால் போதும். இவருக்குக் குடையே மறைப்பாகப் போனது.

இரண்டாம் நாள் காலையில் நான் வாய் விட்டேன். "அப்பத்தா, நாலு தூணுக்கு நாலு பேர் நிக்கட்டும். காக்கா வந்தா அந்தத் தூண்காரர் மட்டும் பாக்கணும். அஞ்சாவது ஆள் சித்தப்பாவை விடவே கூடாது."

அப்பத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதைத்தானடா உங்க ஐயா காலத்துல பலகார உள்ளுக்குச் செஞ்சோம்." பலகாரம் வைக்கிற அறையைச் சொன்னார்.

பையனைச் சித்தப்பாவின் பின்னால் விட்டோம். கொல்லைக்குப் போனால் கொல்லை, முகப்புக்குப் போனால் முகப்பு. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பாட்டுப் பாடினான். மத்தியானம் சித்தப்பா அவனுக்குப் பத்து ரூபாய் நீட்டினார். பையன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பின்னாலேயே போனான். இப்படி ஒரு ஆள் என் அணியில் இல்லை.

சாயங்காலம் எண்ணினோம். காக்காய் ஒன்றையும் தொடவில்லை. ஆடு வரவில்லை. சித்தப்பா சுத்தம். ஆனால் இரண்டு வரிசை, நாற்பது வடகம், காணோம்.

எல்லாரும் பையனைப் பார்த்தோம். பையன் அப்பத்தாவைப் பார்த்தான்.

"உப்புப் பாத்தேன்," என்றார் அப்பத்தா.

"நாப்பதா?"

"ஒரு வேட்டிக்கும் இன்னொரு வேட்டிக்கும் உப்பு மாறும்டா. உனக்கென்ன தெரியும்?"

சித்தப்பா சிரித்த சிரிப்பு பின்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று ராத்திரி ஒன்பது மணி. பாக்ஸ் அண்ட் ஒன் அற்புதமாக வேலை செய்தது. சூரன் மொத்தமே 9 பாயிண்ட். பெயரைக்கூட நான் வாசிக்காத ஒரு ஆள் மூலையில் தனியாக நின்று 33 போட்டான். 2 பாயிண்டில் தோற்றேன்.

நண்பனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அப்போதுதான் 2019 கதையின் மிச்சத்தைச் சொன்னான். கரியைக் கட்டிப் போட்ட அந்த இரண்டாவது ஆட்டத்தில், கடைசி நொடிகளில் கரியின் அணிக்காரர் ஆண்ட்ரே இகுவடாலாவைச் சும்மா விட்டிருக்கிறார்கள். அவர் மூன்று பாயிண்ட் போட்டு, 109-104 என்று கரியின் அணியே ஜெயித்திருக்கிறது. தொடரைப் பிறகு டொராண்டோ எடுத்துக்கொண்டது, அது வேறு விஷயம்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னடா?"

"நீ முழுசாக் கேக்கலையே மாப்ளே."

போன வாரம் அந்த வடகத்தைப் பொரித்தோம். உப்பு கொஞ்சம் தூக்கல். வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.