சாங்லா பள்ளத்தாக்கில் பாறை ஆபத்தை அளப்பது: களத்திலிருந்து கணக்கு வரை

2021 ஜூலை 25 அன்று இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில், சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரி அருகே, மேலிருந்து உருண்ட பாறைகள் ஒரு சுற்றுலா வண்டியை நசுக்கின. 9 பேர் இறந்தார்கள். பாஸ்பா ஆற்றின் மேல் இருந்த பாலமும் முறிந்து விழுந்தது. இதற்கு நிலநடுக்கம் தேவைப்படவில்லை. இதே மாவட்டத்தை 1975 ஜனவரி 19 அன்று 6.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோது மலைகள் பல இடங்களில் ஒரே நேரத்தில் உதிர்ந்தன. அன்றாடம் விழும் கல்லையும், நடுக்கத்தில் மொத்தமாக விழும் கல்லையும் சேர்த்துக் கணக்கிடாமல் இங்கே எந்த வீட்டுக்கும் பாதுகாப்புச் சான்று தரக் கூடாது. இந்த வேலையில் நாங்கள் கடைப்பிடிக்கும் வரிசையையும், தவறு நேரும் இடங்களையும் கீழே எழுதியிருக்கிறோம்.

வேலை அடிவாரத்தில் தொடங்குகிறது. ஊரை ஒட்டிய சரிவில் அரை மீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வொரு கல்லுக்கும் ஜிபிஎஸ் புள்ளி, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் குறிக்கிறோம். முதல் தவறு இங்கேயே நடக்கும். சாங்லா ஒரு காலத்தில் பனியாறு ஓடிய பள்ளத்தாக்கு. வீடு அளவுப் பாறைகள் சிலவற்றைப் பனியாறுதான் கொண்டுவந்து போட்டிருக்கிறது. அவற்றையும் மலையிலிருந்து விழுந்தவை என்று எண்ணிவிட்டால் ஆபத்து எல்லை ஆறு வரைக்கும் நீண்டுவிடும். விளிம்பு மழுங்கி, பாதி புதைந்து, மேலே இருக்கும் பாறை முகத்தின் கல்வகையோடு ஒத்துப்போகாமல் இருந்தால் அதைத் தனிப் பட்டியலில் வைப்போம். விழுந்த கல்லுக்குக் கூரான விளிம்பு இருக்கும். மேட்டுப்பக்கம் அது மோதிய குழிகள் வரிசையாகத் தெரியும். கல்பாசி படர்ந்த அளவைப் பார்த்துப் புதிது, பழையது என்று பிரிக்கலாம். ஆனால் வருஷக் கணக்கு சொல்ல அது போதாது.

வருஷத்தைத் தேவதாரு மரம் சொல்லும். மேட்டுப்பக்கத்தில் பட்டை உரிந்த வடுவின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் கல் எவ்வளவு துள்ளியது என்று தெரியும். துளைக்கருவியால் மெல்லிய தண்டு எடுத்து வளையங்களை எண்ணினால் எந்த ஆண்டு அடிபட்டது என்பதும் கிடைக்கும். ஊரில் கேட்கும்போது “எந்த வருஷம் விழுந்தது?” என்று கேட்டால் சரியான பதில் வராது. “இந்த ஆப்பிள் தோட்டம் போடுவதற்கு முன்பா, பின்பா?” என்று கேட்டால் வரும். ஆடு மேய்ப்பவர்களையும் சாலைப் பணியாளர்களையும் விட்டுவிடக் கூடாது. வீட்டை எட்டாமல் நின்ற கற்களைப் பற்றி அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து பாறை முகம். காம்பஸ் வைத்து வெடிப்புகளின் சாய்வையும் திசையையும் இடைவெளியையும் அளக்கிறோம். வெடிப்புகளுக்கு இடையே உள்ள தூரம்தான் விழப்போகும் கல்லின் அளவைத் தீர்மானிக்கிறது. ஏற முடியாத இடத்துக்கு ட்ரோன். எல்லை மாவட்டம் என்பதால் பயணத் தேதிக்கு வெகு முன்பே அனுமதி வாங்கி வைக்க வேண்டும். ட்ரோன் படத்திலிருந்து தரை மாதிரி செய்யும்போது மரத் தலைகளை வடிகட்டாவிட்டால் கணினி அவற்றையும் மேடாக எடுத்துக்கொள்ளும். ஓடியிருக்க வேண்டிய கல் அங்கேயே நின்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவு இந்த வேலைக்கு உதவாது. ஓடையும் திட்டும் தெரிய 1 அல்லது 2 மீட்டர் துல்லியம் வேண்டும்.

கணினியில் உருட்டிப் பார்க்கும் முன், கல் தரையில் மோதித் திரும்பும் வேகத்துக்கான எண்களைக் கையேட்டிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். ஏற்கெனவே நின்றிருக்கும் கற்கள் நின்ற இடத்திலேயே மாதிரியிலும் நிற்கும்வரை எண்களைத் திருத்த வேண்டும். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 840 கிலோஜூலுக்கு மேல். சுழற்சியின் ஆற்றல் அதற்கு மேலே தனி. சுவிட்சர்லாந்தின் ஆபத்து வரைபட முறையில் 300 கிலோஜூலைத் தாண்டினாலே உயர் தீவிரம். மரமும் கல்லும் அடுக்கிய கின்னௌர் வீடு நிலநடுக்கத்தை நன்றாகத் தாங்கும், இந்த அடியைத் தாங்காது.

இனி கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, 50 மீட்டர் அகலச் சரிவில் நூறு ஆண்டுக்கு ஒரு கல் வீட்டு வரிசையை எட்டுகிறது என்று கொள்வோம். வீட்டின் அகலம் 10 மீட்டர், கல் 1.5 மீட்டர், மோதும் வாய்ப்பு 11.5 / 50 = 0.23. ஆள் வீட்டில் இருக்கும் நேரத்தின் பங்கு 0.6. அடிபட்டால் உயிர் போகும் வாய்ப்பு 0.5. எல்லாவற்றையும் பெருக்கினால், அந்த ஆள் கல் விழுந்து இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.00069.

நிலநடுக்கத்துக்கு வருவோம். 475 ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆட்டத்தில் அதே சரிவிலிருந்து 20 கற்கள் சேர்ந்து இறங்குகின்றன என்று வையுங்கள். எந்தக் கல்லும் வீட்டில் மோதாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய அரை சதவீதம்தான்; மோதும் என்றே கொள்ளலாம். 1/475-ஐ 0.6, 0.5 ஆகியவற்றோடு பெருக்கினால் 0.00063. அபூர்வமான நடுக்கம், அன்றாடக் கல்லுக்கு இணையான ஆபத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சராசரியாக நாலைந்து கற்கள் மோதும் என்பதால் உண்மையில் 0.5 என்பதே குறைவு. 2011 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பின் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் குன்றுகளில் வீடுகளை மதிப்பிட்டபோது ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று, அதாவது 0.0001, என்ற எல்லையே அளவுகோலாக இருந்தது. நம் எடுத்துக்காட்டு வீடு அதைப் பத்து மடங்குக்கு மேல் தாண்டுகிறது.

அந்த 20 என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? இதுதான் கடினமான இடம். 2016 இந்திய நிலநடுக்க விதிநூல் கின்னௌரை நான்காம் மண்டலத்தில், 0.24 என்ற எண்ணோடு (ஆட்டத்தின் வலிமை, புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காக) வைத்தது. ஆனால் அது சமதரைக்கு. குறுகிய மலைமுகட்டில் ஆட்டம் பெருகும். ஐரோப்பிய விதி செங்குத்து முகடுகளுக்குக் குறைந்தது 1.4 மடங்காக்கச் சொல்கிறது. கல் கிளம்பும் இடமும் அந்த முகடுதான். ஆகவே ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் 5, 20, 50 என்று மூன்றையும் ஓட்டி, முடிவு எவ்வளவு அசைகிறது என்பதை வரைபடத்தோடே காட்டுகிறோம்.

எத்தனை கற்கள் சேர்ந்து விழும் என்பதே தடுப்பைத் தேர்வதையும் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய வகைப்பாட்டில் கம்பி வலைத் தடுப்புகள் 100 கிலோஜூலிலிருந்து 4,500-க்கு மேல் வரை கிடைக்கின்றன. பெரிய அடி ஒன்று விழுந்ததும் வலை தாழ்ந்துவிடும். மிச்ச உயரம் பாதியாகக்கூட இருக்கலாம். இரண்டாவது கல் அதற்கு மேலே தாண்டிவிடும். வலை பல மீட்டர் முன்னே பிதுங்கும் என்பதால் வீட்டுச் சுவரை ஒட்டி நடவும் முடியாது. இடம் இருந்தால் மேட்டுப்பக்கம் பள்ளம் வெட்டி, பின்னால் மண்கரை எழுப்புவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். அது பல அடிகளைத் தாங்கும். தோட்டத்தில் இரண்டு வரிசை ஆப்பிள் மரம் போய்விடும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வரைபடம் அச்சான பிறகு சொன்னால் ஊர் நம்பாது.

பனி உருகியதும் ஒரு நடை போக வேண்டும். பள்ளத்தில் எத்தனை புதுக் கற்கள், எந்த அளவு, எந்த இடத்தில் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அவற்றை அள்ள வேண்டும். எழுதாமல் அள்ளிவிட்டால், “நூறு ஆண்டுக்கு ஒரு கல்” என்ற எண்ணைத் திருத்த அடுத்து வருபவருக்கு எதுவும் மிஞ்சாது.