ஆராய்ச்சிக்கு வந்தவர்களும் எங்கள் ரோட்டாவும்

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சீனியர் கேரராக, அதாவது மூத்த பராமரிப்பாளராக, வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் கேரர்கள் ஏன் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள், அவர்களை நிலைக்க வைக்க என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்காக ஒரு பல்கலைக்கழகமும் கவுன்சிலும் (உள்ளாட்சி மன்றம்) சில இல்லங்களும் கைகோத்தன. எங்கள் இல்லத்தின் சார்பில் அந்தக் குழுவில் நான் இருந்தேன். இப்போது வேறு ஊர்களில் இருக்கும் தமிழ் கேரர்கள் சிலர், “எங்களையும் கூப்பிடுகிறார்கள், சேரலாமா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2022 பிப்ரவரியில் கேரர்களுக்கு விசா திறந்த சமயத்தில், இங்கே இந்தத் துறையில் பத்தில் ஒரு வேலைக்கு ஆளில்லை. காலியிடங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நாமெல்லாம் வந்து இறங்கிய பிறகு அது குறைந்து, 2024-25இல் சுமார் 1,11,000 ஆனது. அதற்குள் 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டி வரத் தடை வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கையில் இருக்கும் ஆளையும் விட்டுவிட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில்தான் முதலாளிகள் ஆராய்ச்சிக்குக் கதவைத் திறந்தார்கள். அவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

எதிக்ஸ் அனுமதி, அதாவது ஆராய்ச்சியில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்துத் தரும் ஒப்புதல்தான் பெரிய மலை என்று பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் ஹாலில் உட்கார்ந்து நாங்கள் வேலை செய்வதைக் கவனிப்பது என்பது முதல் திட்டம். ஆனால் அங்கே இருப்பவர்களில் பலருக்கு டிமென்ஷியா, மறதி நோய். சுயமாகச் சம்மதம் சொல்ல முடியாதவர்கள் ஆராய்ச்சிக்குள் வந்தால் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் குறுக்கே வரும். தனி எதிக்ஸ் கமிட்டியிடம் போக வேண்டும், ஒவ்வொருவருக்காகவும் குடும்பத்தில் ஒருவரிடம் கருத்துக் கேட்க வேண்டும். கேள்வி கேரர்களைப் பற்றியது, அப்புறம் பாட்டிமார்களை ஏன் இழுக்க வேண்டும்? கவனிப்பதை விட்டுவிட்டு ஊழியர்களிடம் பேசினால் போதும் என்று முடிவானது. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கமிட்டியிலேயே வேலை முடிந்தது.

ஊழியர்களைப் பேச வைப்பதுதான் கடினமாக இருந்தது. முதல் அழைப்பு மேனேஜர் வழியாக வந்தது. நாகர்கோவில் பெண் ஒருத்தி மருந்து அறையில் என்னை ஓரமாக நிறுத்தி, “அக்கா, நான் பேசுறது ஹோம் ஆபீஸுக்குப் போகுமா?” என்று கேட்டாள். ஹோம் ஆபீஸ்தான் விசாவைப் பார்க்கும் அரசுத் துறை. அவளுக்கு விசா ஸ்பான்சர், அதாவது வேலை கொடுத்து விசாவுக்குப் பொறுப்பேற்றவர், எங்கள் முதலாளிதான். வேலை போனால் வழக்கமாகக் கிடைப்பது 60 நாள், அதற்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவளிடம், ‘நீங்கள் விரும்பினால் மட்டும் பங்கேற்கலாம்’ என்று எழுதிய தாளை மேனேஜர் நீட்டினால், அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

இதை அடுத்த கூட்டத்தில் சொன்னேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்கள், அதைப் பாராட்ட வேண்டும். அதன்பிறகு மேனேஜர் கைக்கே எதுவும் போகவில்லை. ஸ்டாஃப் ரூம் சுவரில் ஆராய்ச்சியாளரின் நம்பர் ஒட்டப்பட்டது, பேட்டி இல்லத்துக்கு வெளியே, யார் பேசினார்கள் என்பது முதலாளிக்குத் தெரியாது. ஒரு விஷயத்தை மட்டும் எல்லாருக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. யாரையாவது அடித்தது, பட்டினி போட்டது மாதிரி ஏதாவது பேச்சில் வந்தால் அதை ரகசியமாக வைத்திருக்க முடியாது, மேலே சொல்லியே ஆக வேண்டும். படிவத்தில் இது உள்ளே எங்கோ ஒரு வரியாகக் கிடந்தது. முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

அடுத்தது ரோட்டா, அதாவது யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்ற அட்டவணை. உண்மையில் இந்த மாதிரித் திட்டங்கள் படுத்துவிடுவது இங்கேதான். எங்களுக்குக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஷிஃப்ட். டீம்ஸ் வழியான ஆன்லைன் கூட்டத்தை மதியம் பன்னிரண்டரைக்கு வைத்தார்கள், அவர்களுக்கு லஞ்ச் நேரமாம். எங்களுக்கும் லஞ்ச் நேரம்தான், ஆனால் ஊட்டிவிடும் லஞ்ச். ஒரு கையில் ஸ்பூன், பக்கத்து மேஜையில் ஒருவர் எழுந்து நடக்கப் பார்க்கிறார், சட்டைப் பையில் போன் அடிக்கிறது. நான் வெளியே போனால் என் இடத்தில் நிற்க ஏஜென்சி ஆள் வேண்டும். அந்தக் காசை யார் தருவது? பட்ஜெட்டில் ஆராய்ச்சியாளர் சம்பளம், பயணம், பேட்டியை எழுத்தாக்கும் செலவு எல்லாம் இருந்தன, இது இல்லை. நேரத்துக்குப் பணமாகத் தருகிறோம் என்றார்கள். விசாவில் இருப்பவருக்குத் தனியாகக் கொடுத்தால் அது இன்னொரு வேலை ஆகிவிடுமோ என்று அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவே குழம்பியது. கடைசியில் இல்லம் பில் போட்டு வாங்கிக்கொண்டு, எங்களுக்கு வேலை நேரமாகவே சம்பளத்தில் சேர்ப்பது என்று ஆனது.

நெதர்லாந்தின் லிம்பர்க் பகுதியில் 1998 முதல் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகமும் பராமரிப்பு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு பற்றி ஆராய்ச்சியாளர்தான் சொன்னார். அங்கே ஆய்வாளர் வாரத்தில் ஒரு நாள் இல்லத்திலேயே இருப்பாராம். லீட்ஸிலும் அதைப் பார்த்துத் தொடங்கியிருக்கிறார்கள். சரி, நீங்களும் வந்து இருங்களேன் என்றோம். வந்தார். இரவு ஷிஃப்ட் ஹேண்ட்ஓவரில் (ஒரு ஷிஃப்ட் அடுத்ததிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம்) நின்று பார்த்த பிறகு அவருடைய கேள்விகளே மாறிவிட்டன. ‘பணியிட நலன்’ பற்றிய பொதுக் கேள்விகள் போய், ‘முதல் தடவை இறப்பைப் பார்த்த அன்று உங்களோடு யார் இருந்தார்கள்?’ என்று கேட்டார். அதற்குத்தான் ஆட்கள் மனம்விட்டுப் பேசினார்கள்.

முடிவில் கிடைத்தது சிறியது. புதியவர்களைத் தனி ஆளாகக் கணக்கிடாமல், பழையவர் ஒருவரோடு ஆரம்ப ஷிஃப்டுகளில் சேர்த்துவிடுகிறார்கள். இரவுக்கும் அதைக் கேட்டோம், முதலாளி பகலோடு நிறுத்திக்கொண்டார். சம்பளத்தைப் பற்றிய பகுதி அறிக்கையில் இருக்கிறது, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

உங்களைக் கூப்பிட்டால் சேருங்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன், உங்கள் இடத்தில் நிற்கும் ஆளின் சம்பளம் பட்ஜெட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.